குறுக்குவிசைகளை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள், மாற்றவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பயிற்சி மையங்களின் சுவரில் பெரும்பாலும் ஒரு குறுக்குவிசைப் பட்டியல் தொங்கும். நகலெடுக்க கண்ட்ரோல் + சி, ஒட்ட கண்ட்ரோல் + வி, தேட கண்ட்ரோல் + எஃப் என்று வரிசையாக இருக்கும். மாணவர்கள் அதை வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். இந்த விசைகளை நம் வேலைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி மட்டும் அதில் இருப்பதில்லை. டிடிபி மையங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி அடிக்கிறவர்களுக்கு மற்ற வரிகளை விட அந்த வரிதான் அதிகம் தேவை. இந்த மாற்றம் செய்ய அரை மணி நேரம் போதும். தெரியாததால் நாள்தோறும் சுட்டியைத் தேடிக் கை போய்க்கொண்டே இருக்கிறது.

இப்போதுள்ள விசைகள் ஆங்கிலத்தை மட்டும் அடிக்கிறவர்களின் கைக்கு ஏற்ப வைக்கப்பட்டவை. இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கும் 1980-களில் ஆப்பிளின் லிசா, மெக்கின்டாஷ் கணினிகள் வழியாக நிலைபெற்றன. கீழ்வரிசையில் இடது கைக்கு எட்டும் இடத்தில் அடுத்தடுத்து இருப்பதால் கை அவற்றை எளிதில் பழகிக்கொண்டது. நம்முடைய தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. இடது பக்கம் உயிரெழுத்து, வலது பக்கம் மெய். அதில் அந்த நான்கு விசைகளும் ஔ, ஓ, ஒ, வ ஆகின்றன. இந்த நான்கை மாற்ற வேண்டாம், விரல் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டது. சிக்கல் வலது ஓரத்தில் இருக்கிறது. சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் தமிழ்99-இல் ச, ஞ. அரைப்புள்ளி ந. மேற்கோள் விசை ய. சாய்கோடு ழ. ஆங்கிலத்தில் வெறும் குறியீடாக இருக்கும் இந்த ஐந்தையும் மென்பொருள் செய்பவர்கள் குறுக்குவிசைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நமக்கோ அவை எழுத்துகள்.

மாற்றத் தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அழுத்திய விசை நேராக எடிட்டரின், அதாவது நாம் எழுதும் மென்பொருளின், கைக்குப் போய்ச் சேர்வதில்லை. முதலில் அதைப் பார்ப்பது விண்டோஸ் அல்லது லினக்ஸ். அடுத்து பார்ப்பது தமிழ் உள்ளீட்டுக் கருவி. இரண்டும் வேண்டாம் என்று விட்டது மட்டுமே எடிட்டருக்கு வரும். எடிட்டரில் சரியாகத்தான் மாற்றினேன், ஆனால் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் பலருக்கும் விசை மேலே உள்ள இரண்டு படிகளில் ஒன்றில் சிக்கியிருக்கும். எடிட்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதில் பயனில்லை.

விண்டோஸில் அடிக்கடி சிக்குவது இடது ஆல்ட் + ஷிஃப்ட். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி சேர்த்திருந்தால் மொழி மாற்றும் விசையாக விண்டோஸ் இதை வைத்துக்கொள்ளும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் ஒரு வரியைப் பிரதியெடுக்க ஷிஃப்ட் + ஆல்ட் + கீழ் அம்பு, நிரலை ஒழுங்குபடுத்த ஷிஃப்ட் + ஆல்ட் + எஃப். இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது விசையைத் தேடும்போது தயங்கிக் கையை எடுத்துவிட்டால் மொழி மாறிவிடும். அடுத்து அடிக்கும் ஆங்கில வரி தமிழாக விழும். நாம் தவறாக அடித்துவிட்டோம் என்று நினைத்து அழித்து மறுபடி அடிப்போம். இதை நிறுத்த விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ் என்று போய், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்பதைத் திறக்க வேண்டும். வரும் சிறு சாளரத்தில் முதல் வரியைத் தேர்ந்து சேஞ்ச் கீ சீக்வென்ஸ் அழுத்தினால் இரண்டு பத்திகள் தெரியும். இரண்டிலும் நாட் அசைன்டு என்பதைத் தேர்ந்து ஓகே கொடுத்தால் போதும். மொழி மாற்ற விண்டோஸ் விசை + ஸ்பேஸ் எப்போதும் இருக்கிறது. ஆல்ட் + ஷிஃப்ட் முழுவதும் எடிட்டருக்கே கிடைத்துவிடும்.

என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் உள்ளீட்டுக் கருவியை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது ஆல்ட்டுடன் எண் விசையைச் சேர்த்து விசைப்பலகைகளை மாற்றுகிறது. விஎஸ் கோடில் ஆல்ட் + 1, ஆல்ட் + 2 என்பவை திறந்திருக்கும் கோப்புகளில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் தாவும் விசைகள். இரண்டும் ஒரே விசையைக் கேட்கும்போது உள்ளீட்டுக் கருவிதான் வெல்லும். லினக்சில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை வைத்திருப்பவர்களுக்கும், மேக்கில் பல மொழி வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் கண்ட்ரோல் + ஸ்பேஸில் வரும். அது அங்கே மொழி மாற்றும் விசை, எடிட்டரிலோ சொற்பரிந்துரையை வரவழைக்கும் விசை. ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மொழி மாற்றம் நாளெல்லாம் நடப்பது என்பதால் எடிட்டர் பக்கம் மாற்றுவதே நல்லது.

இனி மாற்றும் முறை. ஆவணங்கள் எழுதும் மென்பொருளான லிப்ரெஆபீஸ் ரைட்டரில் தொடங்குவோம். இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி. டூல்ஸ் பட்டியலில் கஸ்டமைஸ், அதில் கீபோர்டு தாள். வலப்பக்கம் மேலே லிப்ரெஆபீஸ், ரைட்டர் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. லிப்ரெஆபீஸ் என்பதில் வைக்கும் விசை கால்க், இம்ப்ரெஸ் உட்பட எல்லாவற்றுக்கும் பொது. ரைட்டர் என்பதில் வைப்பது ரைட்டருக்கு மட்டும். ஒரே விசை இரண்டிலும் இருந்தால் ரைட்டரில் இருப்பதே செல்லும். பொதுவில் மாற்றிவிட்டு ரைட்டரில் ஒன்றும் நடக்கவில்லை என்று திகைப்பதற்கு இதுதான் காரணம். எனவே ரைட்டரைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதையும் தொடுமுன் அதே தாளில் உள்ள சேவ் பொத்தானை அழுத்தி இப்போதுள்ள அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துவையுங்கள். குழம்பிப்போனால் லோட் பொத்தானால் பழையபடி கொண்டுவந்துவிடலாம்.

முதலில் மாற்ற வேண்டிய விசை எது என்று கேட்டால், வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுவதற்கான விசை என்றுதான் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ எடுத்த பத்தியைச் சாதாரணமாக ஒட்டினால் அதன் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாம் கூடவே வந்துவிடும். ஒரே பக்கத்தில் மூன்று வகைத் தமிழ் எழுத்து நிற்கும். ரைட்டரில் இதைத் தவிர்க்கும் விசை கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + வி. நான்கு விசை, ஒரு கையால் பிடிப்பது கடினம். எளிய கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி-யோ, பேஸ்ட் ஸ்பெஷல் என்ற சாளரத்தைத் திறக்கிறது. இதை மாற்றிவிடலாம். மேலே உள்ள விசைப் பட்டியலில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி-யைத் தேட வேண்டாம். பட்டியலுக்குள் ஒரு முறை கிளிக் செய்துவிட்டு அந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்த வரிக்கே போய் நிற்கும். சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும் விசைகளைத் தொட முடியாது, அவை மென்பொருளுக்கென ஒதுக்கப்பட்டவை. கீழே கேட்டகரியில் எடிட், ஃபங்ஷனில் பேஸ்ட் அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்து அசைன் பொத்தானை அழுத்துங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் மாடிஃபை. பிறகு ஓகே கொடுக்க வேண்டும். சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடினால் செய்தது அத்தனையும் போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. பாமினியில் அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். வடிவமைப்பு இல்லாமல் ஒட்டினால் எழுத்துரு உதிர்ந்து அந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலத்தில் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அப்படிப்பட்ட பகுதியை முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

ரைட்டரில் இரண்டாவதாகச் செய்ய வேண்டியது பத்திப் பாணிகளுக்கு (ஸ்டைல்) விசை வைப்பது. தலைப்புகளுக்கு கண்ட்ரோல் + 1 முதல் 5 வரை ஏற்கெனவே உண்டு, இயல்பான பத்திக்கு கண்ட்ரோல் + 0. நாம் உருவாக்கிய பாணிகளுக்கும், எடுத்துக்காட்டாகச் செய்யுளுக்கு உள்தள்ளிய பத்தி, மேற்கோளுக்குச் சிறிய எழுத்து, இவற்றுக்கும் விசை கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டகரிப் பட்டியலின் அடியில் ஸ்டைல்ஸ் என்று இருக்கும், அதற்குள் பாராகிராஃப். பாணியைத் தேர்ந்து காலியான விசையில் வைத்துவிட்டால், ஒவ்வொரு பாடலுக்கும் எழுத்துருவையும் அளவையும் உள்தள்ளலையும் தனித்தனியாக மாற்றும் வேலை ஒரே அழுத்தலில் முடியும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் சாளரத்தின் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்பதற்கு அருகே கஸ்டமைஸ் பொத்தான் இருக்கும். கட்டளையைத் தேர்ந்து, பிரஸ் நியூ ஷார்ட்கட் கீ என்ற பெட்டியில் விசையை அழுத்துங்கள். உடனே அதன் கீழே கரன்ட்லி அசைன்டு டு என்ற வரி வரும். அந்த விசையை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. அதைப் படிக்காமல் அசைன் அழுத்துவதால்தான் வேண்டிய விசைகள் காணாமல் போகின்றன. வடிவமைப்பு இல்லாமல் ஒட்டும் கட்டளை ஆல் கமாண்ட்ஸ் பிரிவில் பேஸ்ட் டெக்ஸ்ட் ஒன்லி என்ற பெயரில் இருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அந்த வேலையைத் தானாகவே செய்கிறது.

வேர்டில் நம் நாட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் கண்ட்ரோல் + ஆல்ட். விண்டோஸில் வலது ஆல்ட் விசை பல விசைப்பலகைகளில் கூடுதல் எழுத்துகளுக்கான விசையாக வேலை செய்யும். விண்டோஸ் அதை கண்ட்ரோல் + ஆல்ட் சேர்த்து அழுத்தியதாகவே கொள்கிறது. ரூபாய்க் குறியை 2010 ஜூலை 15-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற பிறகு, இங்கிலீஷ் இந்தியா விசைப்பலகையில் அதற்கு வலது ஆல்ட் + 4 என்ற இடம் கிடைத்தது. வேர்டில் கண்ட்ரோல் + ஆல்ட் + 1, 2, 3 என்பவை முதல் மூன்று தலைப்புப் பாணிகள். வரிசையாக இருக்கட்டுமே என்று நான்காம் தலைப்புக்கு கண்ட்ரோல் + ஆல்ட் + 4 வைத்தால், அன்று முதல் வேர்டில் ₹ அடிக்கும்போதெல்லாம் குறி விழாது, பத்தி தலைப்பாக மாறிவிடும். ரசீதும் ஒப்பந்தமும் அடிக்கிற இடத்தில் இது பெரிய தொல்லை. கண்ட்ரோல் + ஆல்ட்டுடன் எண்ணோ எழுத்தோ சேர்த்து விசை வைக்குமுன், வலது ஆல்ட்டுடன் அதே விசையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஏதாவது எழுத்து விழுந்தால் அந்த விசையை விட்டுவிடுங்கள்.

வேர்டில் செய்யும் மாற்றங்கள் நார்மல் என்ற வார்ப்புருக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்ற அடைவில் அது இருக்கும். வேர்டை முழுவதும் மூடிவிட்டு அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவைத்தால், கணினியை ஃபார்மேட் செய்தாலும் விசைகள் தப்பும். மூடாமல் எடுத்தால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் அதில் இல்லாமல் போகலாம்.

நிரல் எழுதுகிறவர்களிடம் இன்று அதிகம் புழங்கும் விஎஸ் கோடில் இந்த வசதி மிக நேர்த்தியாக இருக்கிறது. கண்ட்ரோல் + கே, தொடர்ந்து கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால் எல்லா விசைகளும் அட்டவணையாக வரும். தேடும் பெட்டியின் வலப்பக்கம் உள்ள விசைப்பலகைப் படத்தை அழுத்திவிட்டு நாம் வைக்க விரும்பும் விசையை அழுத்தினால், அதை ஏற்கெனவே எவை பயன்படுத்துகின்றன என்று காட்டும். ஒரு முக்கியக் குறிப்பு: விசை பதியும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாற்ற வேண்டிய வரியில் இருமுறை கிளிக் செய்து புதிய விசையை அழுத்தி என்டர் கொடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும்.

அங்கே செய்யக்கூடாத ஒன்று, வெறும் கண்ட்ரோல் + கே-க்கு ஒரு கட்டளை வைப்பது. அந்த எடிட்டரில் கண்ட்ரோல் + கே ஒரு நுழைவாயில். அதை அழுத்திவிட்டு அடுத்த விசையை அழுத்தும் இரட்டை விசைகள் ஏராளம். நாம் அதற்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தால் விசை அங்கேயே நின்றுவிடும், இரட்டை விசைகள் எதுவும் வராது. விசைப் பட்டியலைத் திறக்கும் விசையே போய்விடும் என்பதால், ஃபைல் பட்டியலில் பிரிஃபரன்சஸ் வழியாகத்தான் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நாம் மாற்றியவை கீபைண்டிங்ஸ் என்ற ஜேசான் கோப்பில் எழுதப்படுகின்றன. எடிட்டர் அதைக் கீழிருந்து மேலாகப் படிக்கும், முதலில் பொருந்தும் வரியே செல்லும். ஒரே விசைக்கு இரண்டு வரி எழுதியிருந்தால் கீழே இருப்பதுதான் வேலை செய்யும். இயல்பாக உள்ள ஒரு விசையை எடுத்துவிட, கட்டளையின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு எழுதினால் போதும். வென் என்ற நிபந்தனையும் உண்டு. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதிய கோப்பு திறந்திருக்கும்போது மட்டும் இந்த விசை இப்படி நடந்துகொள்ளட்டும் என்று சொல்ல முடியும். கட்டுரையும் நிரலும் ஒரே எடிட்டரில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

லினக்சில் விஎஸ் கோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. தமிழ் விசைப்பலகை ஓடும்போது கண்ட்ரோல் + சாய்கோடு போன்றவை வேலை செய்யாமல் போனால், செட்டிங்ஸில் கீபோர்டு டிஸ்பாட்ச் என்று தேடி, கோட் என்றிருப்பதை கீகோட் என்று மாற்றிவிட்டு எடிட்டரை மூடித் திறக்க வேண்டும். அப்படியும் பிடிபடாவிட்டால் கட்டளைகளைத் தேடி இயக்கும் கமாண்ட் பேலட்டில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங் என்ற கட்டளை இருக்கிறது. அதை இயக்கிவிட்டு விசையை அழுத்தினால், எடிட்டர் அதை என்னவாகப் புரிந்துகொண்டது, எந்தக் கட்டளையிடம் கொடுத்தது என்று வரிவரியாக எழுதிக் காட்டும். அங்கே ஒரு வரிகூட வரவில்லை என்றால் விசை எடிட்டர் வரை வரவில்லை என்று பொருள்.

நோட்பேட்++ பயன்படுத்துகிறவர்களுக்கு செட்டிங்ஸ் பட்டியலில் ஷார்ட்கட் மேப்பர் இருக்கிறது, மோதல் இருந்தால் சாளரத்தின் அடியிலேயே சொல்லிவிடும். விம் என்ற எடிட்டரைப் பழகியவர்கள் கதை வேறு. அங்கே எழுத்துகளே கட்டளைகள். தமிழ்99-ஐ நிறுத்தாமல் கட்டளை நிலைக்குப் போனால், நகர வேண்டிய எச், ஜே, கே, எல் நான்கும் க, ப, ம, த ஆகிக் கர்சர் அசையாது. விசைகளை மாற்றி இதைத் தீர்ப்பது வீண் வேலை. தமிழ் உள்ளீட்டை இயங்குதளத்தில் வைக்காமல் விம்முக்குள்ளேயே கீமேப்பாக, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியலாக, வைத்தால், எழுதும் நிலையில் தமிழும் கட்டளை நிலையில் ஆங்கிலமும் தானாக மாறிக்கொள்ளும்.

எத்தனை விசைகளை மாற்றுவது என்பதில் அடக்கம் வேண்டும். ஒரே நாளில் இருபதை மாற்றினால் ஒன்றும் நினைவில் நிற்காது, அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தால் கை தடுமாறும். ஒரு வாரம் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, சுட்டியைத் தொட்டு எந்தப் பட்டியலைத் திறந்தோம் என்று கோடு போட்டுவாருங்கள். அதிகக் கோடு விழுந்த மூன்றுக்கு மட்டும் விசை வையுங்கள். எஃப் விசைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க: பல மடிக்கணினிகளில் அவை ஒலியையும் ஒளிர்வையும் கூட்டிக் குறைக்கும் விசைகளாக இருக்கின்றன. எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தாதவரை எடிட்டருக்கு எஃப் விசை போகவே போகாது. அந்தக் கணினிகள் பலவற்றில் எஃப்என் + எஸ்கேப் அழுத்தி இதை நிலையாக மாற்றிக்கொள்ள முடியும்.

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் பாடம் இருக்கிறது. அதிலும் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு என்ற அதே பாதைதான், பொத்தானின் பெயர் மட்டும் மாடிஃபை. புதிய மென்பொருளோ செலவோ தேவையில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: வடிவமைப்பு இல்லாமல் ஒட்டும் கட்டளைக்கு ஒரு காலியான விசையைக் கண்டுபிடித்து வைத்துக்காட்டுக, முன்னதாக உள்ள அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்காட்டுக. பாடத்திட்டக் குழுவும் தட்டச்சுப் பயிலகங்களை நடத்துகிறவர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்க் கணினிப் பயிற்றுநர்கள்,
திருச்சிராப்பள்ளி.